வெள்ளைக் கல்லுக்கு ஒன்றாம் தரம்

எங்கள் பிளாக்கில் ஷோகேஸ் இல்லாத குவார்ட்டர்ஸ் கிடையாது. வெள்ளைப் பவளக் கல் இல்லாத ஷோகேஸும் கிடையாது. கல்யாணமான கையோடு ராமேஸ்வரம் போவார்கள். திரும்பும்போது ஒரு சங்கு, ஒரு சிப்பி மாலை, கிளை கிளையாகப் பிரிந்த ஒரு வெள்ளைக் கல் வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துப் பழைய பல் பிரஷால் தேய்ப்பார். நெய்வேலியில் தேய்க்காமல் எதுவும் வெள்ளையாக இருக்காது. காயப்போட்ட வேட்டி, ஜன்னல் கம்பி, மாவு டப்பாவின் மூடி என்று எதன் மேலும் பழுப்பாக ஒரு தூசி இறங்கிக்கொண்டே இருக்கும். வெள்ளை என்றால் சுத்தம், பழுப்பு என்றால் இன்னும் கழுவவில்லை. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் ஆராய்ச்சியைக் கவிழ்த்தது இந்தப் பாடம்தான்.

எழுபதுகளின் கடைசியில் டவுன்ஷிப்பில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் விலங்கியல் ஆசிரியையாக இருந்தேன். சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். பரீட்சைத் தாள் திருத்தும்போதே எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பேன், அடுப்பில் இருக்கும்போதே வந்து இரண்டு தாள் திருத்துவேன். சாம்பாரில் சிவப்பு மையும் தாளில் மஞ்சளும் படிந்ததுதான் மிச்சம். குழந்தை இல்லை. அதைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசுகிறவர்களுக்குப் பேச வேறு ஏதாவது கொடுக்கலாம் என்றுதான் பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உண்மை அதுவல்ல. என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. அதைச் சொல்ல அப்போது வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை.

எனக்கு வாய்த்த பேராசிரியர் நல்ல மனிதர். பவளப்பாறையின் நிலையும் அங்கே வாழும் மீன் கூட்டமும் வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறுகின்றன என்று பார்க்கச் சொன்னார். நம் கரையில் அதைத் தொடர்ந்து பார்த்தவர்கள் குறைவு, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாலே அது பெரிய வேலை என்றார். நான் உடனே தலையாட்டினேன். வெளியே வந்து பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு நீந்தத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. நீச்சல் இருக்கட்டும், தொட்டித் தண்ணீரில் முகத்தை வைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் காலையே விடவில்லை, கணவரை விட்டேன்.

அவர் பவானிப் பக்கத்துக்காரர். கிணற்றில் குதித்து வளர்ந்தவர். ஒரு மூச்சில் அடி மண்ணை அள்ளிக்கொண்டு வருவேன் என்று கல்யாணமான புதிதில் பெருமை அடித்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கடலுக்குள் போய் மீன் எண்ண வேண்டும் என்றதும், எத்தனை நாள் லீவு போடணும் என்று மட்டும் கேட்டார். மைன்ஸில் அவருக்குக் கன்வேயர் பெல்ட்டைப் பார்க்கிற வேலை. மைல் கணக்கில் ஓடும் பெல்ட்டை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் கூடவே நடந்து, கிழிசலையும் ஒட்டுப்போட்ட இடத்தையும் பார்த்து, ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எண் போடுவார். ஒன்று என்றால் நன்றாக இருக்கிறது, ஓடலாம். இரண்டு என்றால் கண் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று என்றால் கெட்டுப்போனது, மாற்ற வேண்டும். அவர் போட்ட எண்ணை யாரும் மறுபடி சரிபார்த்ததில்லை என்பார்கள்.

அந்த எண்களையே கடலுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது அவர்தான். மூச்சுப் பிடித்துக்கொண்டு அடியில் பார்த்துவிட்டு, மேலே வந்ததும் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். நல்ல யோசனை என்று பாராட்டினேன். கல் நன்றாக இருந்தால் ஒன்று, சுமாராக இருந்தால் இரண்டு, கெட்டுப்போயிருந்தால் மூன்று. இந்த ஒரு வாக்கியத்தைத் தவிர கல்லைப் பற்றி அவருக்கு நான் வேறு எதுவும் சொல்லவில்லை. மீனைப் பற்றி மட்டும் உயிரை வாங்கினேன். அட்டையில் மீன்களை வரைந்து வண்ணம் தீட்டிச் சமையலறைச் சுவர் முழுக்க ஒட்டினேன். ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், ஒவ்வொரு அட்டையாகக் காட்டி இது என்ன என்று கேட்பேன். வண்ணாத்தி, கிளிமீன், ஓரா, களவா என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். கிளைகளுக்கு நடுவிலேயே குடியிருக்கும் பொடி மீன்களுக்கு அவராகவே நீலப்பொடி என்று பெயர் வைத்தார். தப்பாகச் சொன்னால் மோர் கிடையாது.

பால் டின் ஆறு சேர்த்து, உள்ளே சிமெண்ட் ஊற்றி, மேலே ஒன்று முதல் ஆறு வரை பெயிண்டில் எழுதினோம். மண்டபம் பக்கத்துக் கடலில் ஆறு இடங்களில் அதைப் போட்டு வைத்துவிட்டால், ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தை அதே டின்னைச் சுற்றிப் பார்க்கலாம் என்பது திட்டம். பெட்டி நிறைய சிமெண்டைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலத்தில் ரயில் ஏறிய தம்பதி அந்த வருஷம் நாங்களாகத்தான் இருப்போம். வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டு அம்மா, திரும்பும்போது அவர் வீட்டு ஷோகேஸுக்கு இன்னொரு கல் வேண்டும் என்றார். பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

பள்ளி விடுமுறை, அவருடைய லீவு, கடலில் காற்று மாறுவதற்கு முந்தைய சில நாட்கள் மூன்றும் சேர்ந்து வருவது மே முதல் வாரத்தில்தான். வாடகைக்குப் பிடித்த நாட்டுப் படகை ஓட்டும் வள்ளக்காரர், கரையில் தெரியும் ஒரு கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் ஒரே நேராக வைத்துப் பார்த்து, இன்னொரு பக்கம் ஒரு மணல் திட்டையும் பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்பார். ஆழம் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம்தான். சங்கு குளிக்கிறவர்களிடம் வாங்கிய கண்ணாடியைக் கட்டிக்கொண்டு கணவர் குதிப்பார். நான் வள்ளத்தின் குறுக்குப் பலகையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சிலேட்டுப் பலகையோடு காத்திருப்பேன். காத்திருப்பதைப் போல எனக்குக் கொடுமை வேறு இல்லை. அவர் உள்ளே போனதும் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மேலிருந்து பார்த்தால் எனக்குத் தெரிவது அலையின் பளபளப்பும், அடியில் கருப்பாகவும் வெளுப்பாகவும் சில திட்டுகளும்தான். தலை மேலே வந்ததும் மீன் கணக்கைச் சொல்வார், கடைசியில் தரத்தைச் சொல்வார். நான் எழுதுவேன். வள்ளக்காரர் துடுப்பைப் பிடித்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். படித்தவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முதல் வருஷம் ஒன்றாம் டின்னும் இரண்டாம் டின்னும் ஒன்றாம் தரம். மற்ற நான்கும் மூன்று. இரண்டாம் வருஷம் அவர் மேலே வந்து முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, முதல் இரண்டும் மூன்றாகிவிட்டன என்றார். அடுத்ததில் குதித்து வந்து, மூன்றாம் டின் தேறிவிட்டது, ஒன்று போட்டுக்கொள் என்று சிரித்தார். மூன்றாம் வருஷம் அதே மாதிரி நான்காம் டின் தேறியது, மூன்றாம் டின் கெட்டது. ஐந்தும் ஆறும் மட்டும் எல்லா வருஷமும் மூன்றாகவே இருந்தன.

நெய்வேலிக்கு வந்து அட்டவணை போட்டால் தலை சுற்றியது. புத்தகங்கள் எல்லாம் உயிருள்ள பவளம் இருந்தால்தான் மீன் என்றன. என் அட்டவணையில் மூன்றாம் தரத்தில் சில இடங்களில் மீன் கொட்டிக் கிடந்தது, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. ஒன்றாம் தரமாக இருந்த இடம் அடுத்த வருஷம் நீலப்பொடிகளை மொத்தமாக இழந்தது. அங்கே கிளிமீனும் ஓராவும் வந்து கூடின. மொத்தத் தொகையைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் இருந்தவர்கள் வேறு, வந்தவர்கள் வேறு. அதற்கடுத்த வருஷம் வந்தவர்களும் போய்விட்டார்கள். எதற்கும் எதற்கும் தொடர்பே இல்லாத மாதிரி இருந்தது.

அதைத்தான் கண்டுபிடிப்பு என்று எடுத்துக்கொண்டார் பேராசிரியர். கல்லின் நிலைக்கும் மீன் கூட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று தைரியமாக எழுதச் சொன்னார். இதைப் படித்துவிட்டுப் பல பேர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது மே முடிந்து வந்த கையோடு, மந்தாரக்குப்பத்தில் ஒரு டைப்பிஸ்டிடம் முதல் இரண்டு அத்தியாயங்களைக் கொடுத்தேன். அடுத்த ஜூனில் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பதிவு போய்விடும். கணவர் தன் செக்‌ஷனில் எல்லோரிடமும், வீட்டுக்காரம்மா டாக்டர் ஆகப்போறாங்க, கடலுக்குள்ள போய்ப் பார்த்தது நான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். யார் யாரோ சைக்கிளை நிறுத்தி எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

அந்த மூன்றாவது பயணத்தில்தான் பக்கத்து வீட்டு அம்மாவின் கல் வந்தது. கடையில் வாங்க வேண்டாம், நானே எடுத்து வருகிறேன் என்று கடைசி நாள் கணவர் குதித்து ஒரு கிளையை உடைத்துக்கொண்டு வந்து சாக்கில் கட்டினார். நான் கரையில் சிலேட்டிலிருந்து நோட்டுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன், ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ரயிலிலேயே நாற்றம் தொடங்கிவிட்டது. எதிரில் இருந்தவர்கள் எங்கள் கூடையில் கருவாடு என்று நினைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கொல்லையில் ஒரு வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, பிளீச்சிங் பவுடரைக் கொட்டி மூடி வைத்தார்.

நாலைந்து நாள் கழித்து முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பலாப்பழம் கொண்டுவரும் அம்மா கொல்லைப் பக்கமாக வந்தார். சீசனில் வாரம் இரண்டு நாள் பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பிளாக் பிளாக்காக வருவார். கூடையை இறக்கியவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னாங்க டீச்சரம்மா, செத்த வாடை அடிக்கிது. வாளிக்குள்ள இன்னாத்த போட்டு மூடி வச்சிக்கினு இருக்கீங்க?"

கல்தான் என்றேன். ஷோகேஸில் வைக்கிற கல்.

"கல்லு எங்கனா நாறுமாங்க? உசுரு இருந்திருந்தாதான் நாறும்," என்று சொல்லிவிட்டு, பழத்தைத் தட்டிக் காட்டி விலை பேசத் தொடங்கினார்.

அவர் கேட்டதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மூடியைத் திறந்தேன். தண்ணீர் மேல் பழுப்பாகக் கொழகொழவென்று ஏதோ மிதந்தது. குச்சியால் கிளையைத் தூக்கினேன். பாதி வெளுத்திருந்தது. மீதிப் பாதியில் பழுப்புத் தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்தவள் நான். பவளம் கல் அல்ல, கல்லைக் கட்டிக்கொண்டு அதன் மேல் வாழும் பொடிப் பிராணிகளின் கூட்டம் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். கல்லூரி மியூசியத்தில் பார்த்தது வெள்ளை, ஷோகேஸில் பார்த்தது வெள்ளை. உயிரோடு இருக்கும்போது அது என்ன நிறத்தில் இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. படித்தது மூளையில் ஒரு மூலையில் கிடந்தது, பார்த்தது முன்னால் வந்து நின்றுகொண்டது.

கணவர் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, இந்தக் கல்லை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆறாம் டின்னைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துல. டின்னு பக்கத்துல கை வைக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லிருக்க." சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "பயப்படாத. நல்லதுல கை வைக்கல. அழுக்குப் பிடிச்சு மூணாம் தரமா கெடந்துச்சு, அதுல ஒண்ணத்தான் உடைச்சேன்."

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியை மறுபடி களைந்தேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் மேல் என்று வைத்துக்கொள்ளத்தான் வசதியாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் நான் கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வகுப்பில் பாதியில் சொல்லை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுவேன். சாயங்காலம் ரேஷன் கடைக்கு என்று கிளம்பி, இரண்டு பிளாக் சுற்றி நடந்துவிட்டு வெறும் பையோடு வருவேன். அட்டவணையைப் பிரித்தால் எல்லாம் இப்போது தெளிவாகத் தெரிந்தது. அவர் ஒன்று என்று சொன்னதெல்லாம் அப்போதுதான் செத்து வெளுத்த கல். தேறிவிட்டது என்று சிரித்தபோதெல்லாம் ஒரு பாறை செத்திருக்கிறது. செத்த முதல் வருஷம் கிளை கிளையாக வீடு அப்படியே நிற்கும், மீன்களும் உடனே போகவில்லை. அடுத்த வருஷம் கல் மேல் பாசி படர்கிறது. நீலப்பொடிகள் மறைகின்றன, பாசி மேய்கிற கிளிமீனும் ஓராவும் கூடுகின்றன. கடைசியில் கிளைகள் நொறுங்கிச் சரளையாகும்போது ஒளிய இடமில்லாமல் அவையும் போகின்றன. தொடர்பு இல்லையா? இதைவிடத் தொடர்பு வேறு என்ன வேண்டும்? ஏன் செத்தன என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. சூடா, கலங்கலா, பவளத்தைத் தின்னும் முள் நட்சத்திர மீனா, தெரியவில்லை.

ஒன்றை மூன்றாகவும் மூன்றை ஒன்றாகவும் மாற்றி எழுதிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்சிலோடு உட்கார்ந்தும் விட்டேன். முடியாது. உயிருள்ள பவளமும் பழுப்பு, செத்துப் பாசி பிடித்த கல்லும் பழுப்பு. இரண்டையும் அவர் மூன்று என்றுதான் சொல்லியிருக்கிறார். முதல் நான்கு டின்களின் கணக்கு பிழைத்தது. அவை ஒரு வருஷமாவது வெள்ளையாக இருந்ததால் எப்போது செத்தன என்று தெரியும். ஐந்தும் ஆறும்தான் சிக்கல். அவை மூன்று வருஷமும் உயிரோடு இருந்ததால் மூன்றா, நாங்கள் போவதற்கு முன்பே செத்திருந்ததால் மூன்றா? அங்கே இருந்த மீனை வைத்துச் சொல்லிவிடலாம்தான். ஆனால் மீனை வைத்துக் கல்லை முடிவு கட்டிவிட்டு, பிறகு அந்தக் கல்லை வைத்து மீனைப் பற்றி எழுதுவது பித்தலாட்டம். அவரையே நைசாகக் கேட்டுப் பார்த்தேன். ஐந்தில் அழுக்கு வழவழப்பா, முடி முடியாகவா என்று. "அழுக்குன்னா அழுக்குதான், அதுல என்ன வகை?" என்று என்னை விநோதமாகப் பார்த்தார்.

ஒரே வழிதான் இருந்தது. அடுத்த மே மாதம் நானே இறங்கிப் பார்க்க வேண்டும். ஐந்தும் ஆறும் உயிரோடு இருந்தால், மூன்று வருஷமும் உயிரோடு இருந்தவை என்று ஆகிவிடும். அவற்றைப் பக்கத்தில் வைத்துச் செத்த நான்கையும் ஒப்பிட்டால் ஆராய்ச்சி பிழைக்கும், முன்னைவிட நன்றாகவே பிழைக்கும். இல்லாவிட்டால் எல்லாம் போகும். பேராசிரியருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவர் திட்டவில்லை. மே வரை பொறுக்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்று ஒரு கார்டு வந்தது.

கணவரிடம் மட்டும் சொல்லவில்லை. தொழிலில் அவர் போட்ட எண்ணை யாரும் அழித்ததில்லை. இந்த மூன்று வருஷம் அவர் மூச்சடக்கிப் பார்த்ததெல்லாம் தப்பு என்று எப்படிச் சொல்வது? கடைசியாக ஒரு தடவை நானும் பார்க்கணும்னு ஆசையாக இருக்கிறது என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மந்தாரக்குப்பத்தில் பங்ச்சர் கடையில் லாரி டியூப் ஒன்று வாங்கி ஒட்டுப்போட்டுக் காற்றடித்து வைத்தார். நான் தினமும் காலையில் கொல்லைத் தொட்டியில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு முகத்தை அமுக்கிப் பழகினேன். முதல் வாரம் அஞ்சு எண்ணுவதற்குள் அலறி எழுந்தேன். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, டீச்சருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பிளாக் முழுக்கச் சொன்னார். அவர் வீட்டு ஷோகேஸில் அந்தக் கல் வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

மே மாதம் வந்தது. வள்ளத்தில் இந்தத் தடவை சிலேட்டுப் பலகை அவர் மடியில். நான் லாரி டியூப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கயிற்றோடு தண்ணீரில் கிடந்தேன். கயிற்றின் மறுமுனை அவர் கையில். முகத்தை உள்ளே வைத்ததும் உடம்பெல்லாம் உதறியது. மூன்று தடவை எடுத்துவிட்டேன். நாலாவது தடவை வைத்தபோது ஒன்றாம் டின் தெரிந்தது. என் கையால் எழுதிய எண் பாதி அழிந்திருந்தது. சுற்றிலும் சரளைக் கல். மீன் ஒன்றுகூட இல்லை. இரண்டும் அப்படியே. மூன்றாவதிலும் கிளைகள் நொறுங்கி, மீன் காலியாகியிருந்தது. நான்காவதில் பாசி பிடித்த கிளைகள், மேய்கிற கிளிமீன்கள். எல்லாம் நான் அட்டவணையில் கணித்தபடியே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று, மூன்று என்று சொன்னேன். மேலே அவர் உச்சுக் கொட்டிக்கொண்டே எழுதினார்.

ஐந்தாம் டின்னுக்கு மேல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். பத்து எண்ணிவிட்டுத் திறந்தேன். நொறுங்கிக் கிடந்தது. பாசி படர்ந்து, ஓரங்கள் மழுங்கிய பழைய நொறுங்கல். ஆறாவதும் அதே கதி. இரண்டும் நடுவில் ஒரு மே முடிந்த கையோடு செத்து, அடுத்த மேக்குள் பாசி பிடித்தவையா, நாங்கள் முதன்முதலில் சிமெண்டைச் சுமந்து வந்ததற்கு முன்பே செத்தவையா என்று கல்லைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. யாராலும் முடியாது. நான் இன்றுவரை டாக்டர் இல்லை. அதனால் வருத்தமில்லை என்று சொன்னால் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். அந்தக் கண்ணாடிக்குள்ளேயே அழுதேன். கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூச்சுக்கு மட்டும் முகத்தைத் தூக்கிவிட்டு மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டு கிடந்ததால் டியூப் அது பாட்டுக்கு நகர்ந்திருக்கிறது. மறுபடி பார்வை தெளிந்தபோது ஆறாம் டின்னைத் தாண்டி வந்திருந்தேன். கீழே ஒரு புதர் மாதிரி பழுப்பாக, வழவழப்பாக, நுனியெல்லாம் வெளிர் ஊதாவாக ஒன்று நின்றது. அதற்குள்ளிருந்து நீலப்பொடிகள் ஒரு கை நிறைய வாரி இறைத்தது போல வெளியே வந்தன. என் நிழல் பட்டதும் ஒரே நொடியில் அத்தனையும் உள்ளே போயின. மறுபடி வந்தன. ஒரு ஜோடி வண்ணாத்தி கிளைகளைக் கொத்திக்கொண்டு சுற்றியது. உயிரோடு இருக்கும் பவளத்தை என் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்க்கிறேன். சமையலறைச் சுவரில் நான் தீட்டிய வண்ணம் ஒன்றுகூடச் சரியில்லை. ஆராய்ச்சி, பதிவு, மறைக்க வேண்டிய விஷயம் எல்லாம் அந்த நேரத்துக்கு மறந்துவிட்டது. தலையைத் தூக்கி, வாயில் புகுந்த உப்புத் தண்ணீரோடு கத்தினேன்.

"ஒண்ணு! எழுதுங்க, இங்க ஒண்ணு!"

அவர் எழுதவில்லை. வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தார். பிறகு கோபுரத்தையும் பனையையும் திரும்பிப் பார்த்தார்.

"இங்கயா? இது மூணுல்ல. அழுக்கா இருக்குமே. போன வருஷம் நான் இங்கதானே அந்தக் கல்லை..."

அதோடு நிறுத்திவிட்டார். நான் டியூப்பைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். பெல்ட்டில் தேடுகிற மாதிரி அவர் கண் தண்ணீருக்குள் தேடிக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்து எண்களும் அவர் மனசில் ஒவ்வொன்றாகப் புரண்டிருக்க வேண்டும். என் படிப்பைப் பற்றித்தான் கேட்பார், மொத்தமும் போயிற்றா என்று கேட்பார் என்று நினைத்தேன். அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"நான் உடைச்சப்ப அதுக்கு உசிரு இருந்துச்சா?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். இருந்தது என்று சொன்னேன்.

அவர் மறுபடி தண்ணீருக்குள் பார்த்தார். கயிற்றை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து எந்தச் சண்டையிலும் தப்பு என்னுடையது என்று நான் சொன்னதில்லை. சாம்பாரில் மை விழுந்ததற்குக்கூட அவரைத்தான் திட்டியிருக்கிறேன்.

"தப்பு உங்களோடது இல்லீங்க," என்றேன். "நல்லா இருந்தா ஒண்ணுன்னு சொன்னேன். எது நல்லதுன்னு நான் சொல்லவே இல்ல."

வள்ளக்காரர் துடுப்பைப் போடட்டுமா என்று கேட்டார். கணவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். சிலேட்டில் ஒன்று என்று எழுதினார். பிறகு கண்ணாடியைக் கொடு, நானும் ஒரு தடவை பார்க்கிறேன் என்று கையை நீட்டினார்.